யார் வீட்டுப் பால்

ஜன்னல் பக்கம் நீயே உட்கார்ந்துகொள்ளம்மா. பிள்ளைத்தாய்ச்சிக்குக் காற்று வேண்டும். ஏழாவது மாதம்தானே? பார்த்தாலே தெரிகிறது. பயப்படாதே, நான் அறிவுரை சொல்ல மாட்டேன். பஸ்ஸில் ஏறினால் ஆளாளுக்கு உன் வயிற்றைப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார்கள். பப்பாளி தின்னாதே, இடது பக்கமாகப் படு என்று. நான் அந்த ரகம் இல்லை. இடது பக்கம் படுப்பது நல்லதுதான், அது வேறு விஷயம். என் வேலையே கேட்பது. பாலூட்டல் ஆலோசகர். மதுரையில் எங்கள் ஆஸ்பத்திரியில் புஷ்பகலா சிஸ்டர் என்று சொல்லிப் பார், லிஃப்ட் இயக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

இப்போது அந்த வேலையில் இல்லை. பார்வையாளர்களுக்குப் பாஸ் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்கிறாயா? கேட்கவில்லையா? பரவாயில்லை, ராஜபாளையம் போய்ச் சேர இன்னும் எவ்வளவோ பொழுது இருக்கிறது, சொல்கிறேன். நீயே நியாயம் சொல்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார். அதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் திட்டித்தான் வேலை பார்த்தோம். "பால் குடுக்கத் தெரியாம எதுக்குப் பெத்தே?" என்று கேட்ட நர்ஸ்கள் எல்லாம் உண்டு. அந்த மேடம் சொன்னார்: "நீங்க முடிவு எடுக்காதீங்க. விவரத்தைச் சொல்லுங்க. தாயும் குடும்பமும் எடுக்கிற முடிவுக்குத் துணையா நில்லுங்க." மற்றவர்கள் மேஜைக்கு அடியில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் மாறிவிட்டேன். யாரையும் திட்டுவதில்லை. எல்லோருடைய விருப்பத்தையும் கேட்பேன். குடும்பம் என்றால் யார் யார் என்று மேடம் சொல்லவில்லை. நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கேன்டீனிலிருந்து டீ வாங்கி வரும்போது யார் யாருக்கெல்லாம் சேர்த்து வாங்குகிறார்களோ அவர்கள் எல்லோரும் குடும்பம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சாதி பார்க்கும் பழக்கமே கிடையாது. வார்டில் யார் யார் என்ன ஆட்கள் என்று தெரிந்து வைத்திருப்பேன், அவ்வளவுதான். தெரிந்தால்தானே மனம் நோகாமல் பேச முடியும்?

சரி, ஆதிரை விஷயத்துக்கு வருகிறேன். திருமங்கலத்துப் பெண். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். கம்பத்தில் ஏறுகிறவர்களை எல்லாம் வேலை வாங்குகிற பெண் என்றால் பார்த்துக்கொள். நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. ஆபரேஷன். நிறைய ரத்தம் போய், பிறகு ரத்தம் ஏற்றினார்கள். பெண் குழந்தை, ரொம்பச் சின்னது. குழந்தைகள் ஐசியுவில் வைத்துவிட்டார்கள்.

பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "ரத்தம் போனதால இந்தப் பொண்ணுக்குப் பால் ஊற ரெண்டு மூணு நாள் தாமதமாகும். அதுவரைக்கும் நம்ம தாய்ப்பால் வங்கியில இருந்து குடுக்கலாம், அதுதான் நல்லது. வேண்டாம்னா பவுடர் பால். அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க சிஸ்டர்" என்றார்.

தாய்ப்பால் வங்கி தெரியும்தானே? அதிகமாகப் பால் சுரக்கும் தாய்மார்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். நோய் இருக்கிறதா என்று பரிசோதித்து, நாலைந்து பேர் பாலை ஒன்றாகக் கலந்து, சூடாக்கி, உறைய வைத்து வைப்பார்கள். யார் கொடுத்தது என்று வெளியே சொல்வதில்லை. ஜெனிஃபர் என்று ஒரு பெண்தான் அங்கே பொறுப்பு. வாயைத் திறக்கவே மாட்டாள்.

ஆதிரை கட்டிலுக்குப் போனேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேடம் சொன்ன மாதிரி கண்ணைப் பார்த்து, "ஆதிரை, தாய்ப்பாலின் மகத்துவம்..." என்று ஆரம்பித்தேன்.

"வங்கிப் பால் குடுங்க சிஸ்டர்" என்றாள்.

"இரும்மா, நான் இன்னும் விவரமே சொல்லல."

"நான் படிச்சிருக்கேன். டாக்டரும் சொன்னாங்க. எனக்கு ஊறுற வரைக்கும் வங்கிப் பால். ஊறினதும் என் பால். இப்பவே குடுத்துடுங்க, பிள்ளை பசியோட இருக்கும்."

அவ்வளவுதான். நான் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து மூடுவதற்குள் முடித்துவிட்டாள். இதெல்லாம் ஆலோசனையா, நீயே சொல். மின்வாரியத்தில் ஃபியூஸ் மாற்றுகிற மாதிரி. சரி, இது ஒரு கருத்து என்று குறித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். குடும்பம் அங்கேதானே இருக்கிறது?

மாமியார் சண்முகக்கனி, கணவன் வேல்ராஜ், ஆதிரையின் அண்ணன் தங்கப்பாண்டி. இந்தத் தங்கப்பாண்டி சட்டைப் பையில் ஒரு சின்ன பாட்டில் வைத்திருந்தார். என்ன என்று கேட்டேன். சேனையாம். உங்கள் பக்கம் உண்டா? பிறந்த பிள்ளை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது. யார் தொட்டு வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் தடை, போர்டே வைத்திருக்கிறோம். அந்தப் போர்டுக்கு அடியில்தான் அவர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

வங்கிப் பாலைப் பற்றிச் சொன்னேன்.

"யாரு பாலு?" என்றார் சண்முகக்கனி.

"பரிசோதனை பண்ணின பால்மா. நோய் எதுவும் இருக்காது."

"நோயை யாரு கேட்டா? யாரு பாலுன்னு கேக்குறேன்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த மாதிரி விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "அது நாலைஞ்சு தாய்மார்கிட்ட வாங்கி, கலந்து..." என்றேன்.

"கலந்தா!" சண்முகக்கனி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

தங்கப்பாண்டி சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். "சிஸ்டர், ஒரு சொட்டு சேனை யாரு வைக்கிறதுன்னு எங்க வீட்ல மூணு மாசமா பேச்சு நடக்குது. அதையே கூடாதுங்கிறீங்க. முகம் தெரியாத ஆளு பாலை வயிறு முட்டக் குடுக்கலாமா?"

வேல்ராஜ் அதுவரை செல்போன் சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நேத்து ஆதிரைக்கு ரத்தம் ஏத்தினாங்கல்ல? அது யாரு எவருன்னு நாம கேட்டமா?"

"ரத்தம் வேற, பாலு வேற."

"எப்படிம்மா வேற?"

"ரத்தம் அவ உடம்புக்குத்தான போச்சு? நம்ம பிள்ளை உடம்புக்கா போச்சு?"

வேல்ராஜ் மறுபடியும் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். நான் அசந்து போனேன். எவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறார்கள் பார்! இந்தக் கருத்தையெல்லாம் கேட்காமல் ஒரு நர்ஸ் எப்படி வேலை பார்க்க முடியும்?

"அப்ப பவுடர் பால் குடுக்கலாமா?" என்றேன்.

"டப்பாவா? பிறந்த மறுநாளேவா? மருமகளுக்குப் பாலு இல்லைன்னு ஊருக்குத் தண்டோரா போடவா?"

இப்படியே பேச்சு போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஐசியுவிலிருந்து போன். "சிஸ்டர், பால் அனுப்பலாமா? பிள்ளை அழுதுட்டே இருக்கு. டிரிப்ஸ்லயே எவ்வளவு நேரம் ஓட்டுறது?"

"குடும்பம் இன்னும் முடிவெடுக்கல."

"அம்மா சரின்னு சொல்லிட்டாங்கன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"அது ஒருத்தர் கருத்து. இன்னும் மூணு பேரு பாக்கி."

ஆதிரை ஆள் அனுப்பினாள். போனேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு.

"குடுத்தாச்சா சிஸ்டர்?"

"பேசிட்டிருக்கோம்மா."

"யாரு?"

"எல்லாரும்தான்."

"நான் சொல்லிட்டேனே."

"நீ சொன்னதை நான் மறக்கலம்மா. உன் கருத்துதான் முதல்ல இருக்கு."

அவள் மறுபடி சாய்ந்து படுத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அழுதால் பால் ஊறுவது தள்ளிப்போகும் என்று அன்பாக எடுத்துச் சொன்னேன். அதற்கப்புறம் சத்தம் வராமல் அழுதாள். சொன்னால் கேட்கிற பெண்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதில் தப்பு இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். வராந்தாவுக்கு வந்து சண்முகக்கனியைத் தனியாக ஓரம் கட்டினேன். "யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா. விதிப்படி நான் சொல்லவே கூடாது. உங்க பேத்திக்குன்னு கலக்காத பால் ஒண்ணு எடுத்து வச்சிருக்கு. உங்க ஆளுங்கதான். பேங்க் மேனேஜர் வீட்டம்மா. எம்.எஸ்ஸி. படிச்சவங்க."

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மழை விட்ட மாதிரி. "முதல்லயே சொல்றதுக்கு என்ன சிஸ்டர்? எந்த ஊரு?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "பெரியகுளம்."

உடனே பால் போனது. குழாய் வழியாகக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். அழுகை நின்றது. டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தாய் விருப்பம் நிறைவேறியது, மாமியார் விருப்பம் நிறைவேறியது. தங்கப்பாண்டிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "எம்.எஸ்ஸி. பாலே உள்ள போயிருச்சு, இனி உங்க சேனை எதுக்கு? நீங்க பத்தாவது ஃபெயிலுதான?" என்று சண்முகக்கனி கேட்டுவிட்டார். அவர் பாட்டிலைக் கொண்டுபோய்க் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நன்றியுள்ள ஜனங்களால்தானம்மா எப்போதும் தொல்லை.

மூன்று நாள் கழித்துச் சண்முகக்கனி ஒரு பட்டுச்சேலை, பூ, பழம், வெற்றிலை எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பால் கொடுத்த அம்மாவைப் பார்த்து மரியாதை செய்ய வேண்டுமாம். "அவங்க டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்கம்மா" என்றேன். "சரி, போன் நம்பர் குடுங்க" என்றார். "அது விதிப்படி குடுக்கக் கூடாதும்மா" என்றேன். "பரவால்ல சிஸ்டர், நாங்க விசாரிச்சுக்கிறோம்" என்றார்.

எப்படி விசாரிப்பார்கள், பெரியகுளம் என்ன சின்ன ஊரா என்று நான் சும்மா இருந்துவிட்டேன். அதுதான் நான் செய்த ஒரே பிசகு. நம் ஜனங்கள் தொலைந்த சாவியைத் தேட மாட்டார்கள், உறவைத் தேடச் சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். தங்கப்பாண்டி தன் சகலைக்குப் போன் போட்டார். சகலை தன் சம்பந்திக்குப் போட்டார். பெரியகுளத்தில் அவர்கள் ஆட்களில் எம்.எஸ்ஸி. படித்த மேனேஜர் மனைவி ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்று தகவல் வந்தது. சண்முகக்கனி என் கண் முன்னாலேயே அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தாயி, நீங்க குடுத்த பாலை எங்க பேத்தி நல்லாக் குடிக்குது. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"எந்தப் பாலுங்க? நாங்க மாடு வித்து ரெண்டு வருஷமாச்சே."

"மாட்டுப் பாலு இல்ல தாயி. உங்க பாலு."

அந்த அம்மா சொன்னார்: "எனக்கு அம்பத்தெட்டு வயசு. வேலையில இருந்து ரிட்டயர் ஆயிட்டேன். நீங்க யாரு, எங்க இருந்து பேசுறீங்க? வீட்ல ஆம்பளை யாரும் இருந்தா போனைக் குடுங்க."

அப்புறம் என்ன, வராந்தாவே அதிர்ந்தது. "யாரு பாலைக் குடுத்தீங்க? எங்க பிள்ளை வயித்துல என்னத்தைக் கலந்தீங்க?" என்று சண்முகக்கனி. "அப்பவே சேனையை வச்சிருந்தா இது நடந்திருக்குமா?" என்று தங்கப்பாண்டி. செக்யூரிட்டி வந்தார். டாக்டரம்மா வந்தார். சத்தம் கேட்டு ஆதிரையும் வந்துவிட்டாள். முந்தின நாள்தான் அவளுக்குப் பால் ஊற ஆரம்பித்திருந்தது. ஐசியுவில் பாலைப் பிழிந்து கொடுத்துவிட்டு, சக்கர நாற்காலியில் வந்தாள். வேல்ராஜ்தான் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன அத்தை?" என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், வங்கிப் பால் வேணும்னு நான் எப்போ சொன்னேன்?"

"நான் கேட்ட உடனேயே சொல்லிட்டே. நான் அதை எங்கயும் மறைக்கலையே."

"உடனே கிடைச்சதா?"

"குடும்பத்தோட விருப்பத்தையும் கேக்கணும்ல?"

"பசிச்சு அழுதது யாரு?"

எனக்கு இந்த மாதிரிக் குறுக்கு விசாரணை பிடிக்காது. வேல்ராஜைப் பார்த்தேன், அவர் ஏதாவது சொல்வார் என்று. அவர் கையில் அன்றைக்கு வயர்கூட இல்லை. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை குடிச்சது யாரு பாலுன்னு எனக்கும் தெரியாது. பிள்ளை பசி தீந்திருக்கு. போதும்மா, விடு."

"என்னடா பேசுற?"

"விடுன்னு சொல்றேன்மா."

இத்தனை நாளாக அந்த மனிதர் இருக்கும் இடம் தெரியாமல் இருந்தார். அவர் கருத்தை நான்தான் முதலில் கேட்டேன் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆதிரை டாக்டரம்மாவிடம் சொன்னாள்: "மேடம், எனக்கு இப்போ பிள்ளைக்குத் தேவையானதைவிட நல்லா ஊறுது. மிச்சத்தை வங்கிக்குக் குடுக்கிறேன். வீட்டுக்குப் போனதும் வாராவாரம் அனுப்புறேன்."

சண்முகக்கனி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம வீட்டுப் பாலையா? அது யாருக்குப் போகும்?"

"தெரியாது அத்தை."

"யாரு எவருன்னு தெரியாமயா?"

"எனக்குக் குடுத்தவங்களுக்கும் தெரியாதுல்ல?"

டாக்டரம்மா ஆதிரையின் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். இத்தனை பேரையும் கேட்டு வைத்த என் தோளில் யார் கை வைத்தார்கள்?

எல்லோரும் போன பிறகு சண்முகக்கனி என்னைத் தேடி வந்தார். கோபமெல்லாம் போயிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், நீங்க பொய் சொன்னாலும் எங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. எனக்குப் புரியுது. அவ பாலைக் குடுக்கட்டும், நான் தடுக்கல. தடுத்தா மகன் பேச மாட்டான். அந்தப் பாலு நம்ம ஆளுங்க பிள்ளைக்கு மட்டும் போற மாதிரி நீங்க பாத்துக்கணும்."

"கவலைப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அதைத்தான் டாக்டரம்மா கேட்டுவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். ஒளிந்து கேட்பது படித்தவர்கள் செய்கிற வேலையா? என்னை அறைக்குக் கூப்பிட்டு, "சிஸ்டர், உங்களுக்கு என்ன வகுப்பு எடுத்தாங்க, நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்றார். மேடம் சொன்னதை வரி வரியாக ஒப்பித்தேன். விவரம் சொன்னேன், விருப்பம் கேட்டேன், முடிவுக்குத் துணையாக நின்றேன், இதில் எது இல்லை என்று கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பெத்தவ ஒரு வார்த்தையில சொன்னா சிஸ்டர். அதுக்குத் துணையா நின்னா போதும்" என்றார். அடுத்த திங்கட்கிழமை நான் பாஸ் ஜன்னலில்.

அங்கே என்ன வேலை தெரியுமா? ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். யார் உள்ளே போக வேண்டும் என்று நோயாளியே சொல்லியிருப்பார். நான் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். யாருடைய கருத்தும் கேட்க முடியாது. நானும் எவ்வளவோ பேரிடம், "நீங்க போறதுல உங்க அண்ணனுக்குச் சம்மதமா?" என்று கேட்டுப் பார்த்தேன். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும். அந்த வங்கிக்கு இன்றைக்கு ஒழுங்காகப் பால் வருகிறது என்றால் அதற்கு நான்தான் காரணம். குழந்தை வீட்டுக்குப் போய் நன்றாகத் தேறிவிட்டது. ஆதிரை வாராவாரம் வேல்ராஜிடம் ஐஸ் பெட்டியில் பால் அனுப்புகிறாள். பெட்டியை யார் கட்டி அனுப்புவது என்று நினைக்கிறாய்? சண்முகக்கனி! உருகிவிடக் கூடாது என்று விடிந்ததும் கடைக்குப் போய் ஐஸ் வாங்கி, துண்டு போட்டுச் சுற்றி, மகனைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் அந்த அம்மா காபி குடிக்கிறார். மருமகளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கிறாராம், பால் குறையக் கூடாது என்று.

ஏன் தெரியுமா? ஒவ்வொரு வாரமும் எனக்குப் போன் போடுவார். "சிஸ்டர், போன வாரத்துப் பாலு யாருக்குப் போச்சு?"

ஜெனிஃபர் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்கே தெரியாதாம், எந்த டப்பா எந்தப் பிள்ளைக்கு என்று நம்பரைப் பார்த்து எடுத்துக் கொடுப்பாளாம். அதனால் நானே சொல்லிவிடுவேன். "உங்க ஆளுங்கதான்மா, தாசில்தார் வீட்டுப் பேரன்." அதற்கு முந்தின வாரம் சிவகாசி அச்சாபீஸ்காரர் வீட்டு இரட்டைக் குழந்தைகள். அதற்கும் முந்தின வாரம் ஒரு வக்கீல் வீடு. ஊர் பெயர் மட்டும் சொல்வதில்லை, பெரியகுளத்தில் பட்டது போதும். அந்த அம்மா, "நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிடுவார். அடுத்த வாரம் இன்னும் ஒரு டப்பா கூடுதலாக வரும்.

குடும்பத்தின் விருப்பத்துக்குத் துணையாக நிற்பது என்றால் இதுதான். இது டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

கஷ்டம் என்னவென்றால், வாராவாரம் புதிதாக ஒரு வீடு வேண்டியிருக்கிறது. நாளைக்குப் போன் வரும், நான் இன்னும் எதுவும் யோசிக்கவில்லை. உனக்கு எப்போது தேதி கொடுத்திருக்கிறார்கள்? நீயும் படித்த பெண்ணாக, லட்சணமாக இருக்கிறாய். உன் பிள்ளைக்குத்தான் போனது என்று ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொள்ளட்டுமா? பெயரெல்லாம் வேண்டாம். உன் வீட்டுக்காரர் என்ன வேலை? அப்புறம், தப்பாக நினைக்காதே, அந்த அம்மாவுக்குச் சொல்வதற்காகத்தான் கேட்கிறேன்... நீங்கள் என்ன ஆளுங்கம்மா?